கோபு மூழ்குவதற்குள்

இல்லை அக்கா, மேலே வைக்க வேண்டாம், மடியிலேயே இருக்கட்டும். கனமெல்லாம் இல்லை. சேவுதான். சாத்தூரில் ஏறுகிறவள் வேறு என்ன கொண்டுபோவாள்? மேலே வைத்தால் ஒவ்வொரு வேகத்தடைக்கும் நொறுங்கி, நாகர்கோவில் போய்ச் சேரும்போது பொடியாகத்தான் இருக்கும். நீங்களும் நாகர்கோவிலா? நல்லது. நடுவில் எழுந்து வழிவிட வேண்டியதில்லை.

எனக்குப் பொதுவாகப் பேச வராது அக்கா. சொன்னால் நம்ப மாட்டீர்கள். என் பெயர் கோகிலவாணி. குயில் மாதிரிக் குரல் உள்ளவள் என்று அர்த்தம். கல்லூரியில் ஐந்து வருடம் இருந்தேன். வருகைப்பதிவு எடுக்கும்போது 'பிரசென்ட் மிஸ்' என்று சொன்னதைத் தவிர அந்தக் குயிலை யாரும் கேட்டதில்லை. பேருந்தில் மட்டும் எப்படியோ வந்துவிடுகிறது. இறங்கிய பிறகு உங்களை நான் பார்க்கப்போவதில்லை, என்னை நீங்கள் பார்க்கப்போவதில்லை. அதனாலாக இருக்கும்.

எதற்குப் போகிறேனா? வேலையாகத்தான். ஒரு தவளை விஷயமாக.

சிரிக்காதீர்கள். நிஜமாகவே தவளைதான். இன்று சாயங்காலத்துக்குள் ஒரு தவளையை எழுதி முடித்தாக வேண்டும். அதற்காக நாகர்கோவில் வரைக்கும் போகத்தான் வேண்டுமா, திருநெல்வேலியில் இறங்கித் திரும்பிவிடலாமா என்று ஏறும்போதே ஒரு யோசனை. நடத்துனர் இரண்டு தடவை கேட்டுவிட்டார். மூன்றாவது தடவை, "ஏதாவது ஒரு ஊரச் சொல்லும்மா, பஸ்ஸு எல்லா ஊருக்கும் போவுது" என்றார். பயத்தில் நாகர்கோவில் என்று சொல்லிவிட்டேன். டிக்கெட் எடுத்துவிட்டதற்காகக் கடைசிவரை போகவேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லையே. திருநெல்வேலி வரட்டும், பார்க்கலாம்.

விவரமாகச் சொல்கிறேன், உங்களுக்குத் தூக்கம் வந்தால் தூங்குங்கள்.

நான் விலங்கியல் படித்தவள். மதுரையில் ஒரு அறக்கட்டளை, குழந்தைகளுக்காக உயிரினங்களைப் பற்றிப் பெரிய புத்தகம் ஒன்று போடுகிறது. ஒவ்வொரு உயிருக்கும் இரண்டு பக்கம். பொறுப்பாசிரியர் மனோரஞ்சிதம் மேடம். பறவைகளை அவரே எழுதுகிறார். தரையில் இருப்பதெல்லாம் எனக்கு. தண்ணீரில் இருப்பதெல்லாம் நாகர்கோவிலில் தாணுமாலயன் என்று ஒருவருக்கு. வீட்டிலிருந்தே வேலை, மாதச் சம்பளம். யாருடனும் பேச வேண்டியதில்லை. எனக்கென்றே செய்த மாதிரி வேலை.

சேர்ந்த அன்று மேடத்திடம் கேட்டேன், எத்தனை நாளில் என்ன கொடுக்க வேண்டும் என்று. மேடம் முப்பது வருடம் பத்திரிகையில் இருந்தவர். "அந்தப் பேச்சே வேண்டாம் கோகிலா" என்றார். "கெடு, கெடுன்னே என் காலம் போச்சு. எம்பொண்ணு கழுத்துல தாலி ஏறுறப்பகூட எனக்கு ஒரு பக்கம் பாக்கி. இந்தப் புத்தகத்துக்குக் கெடுவே கிடையாது. எப்ப நல்லா வருதோ அப்பக் குடு. அவ்வளவுதான்."

எவ்வளவு நல்ல மனது, பாருங்கள். அந்த நல்ல மனதால் நான் நாசமாகப் போனேன்.

மண்புழுவில் ஆரம்பித்தேன். மண்புழுவிலேயே இருந்தேன். சித்திரை போய் ஆடி வந்துவிட்டது, மண்புழு போகவில்லை. காலையில் உட்காருவேன், முதல் வாக்கியத்தைத் திருத்துவேன். மேசையைத் துடைப்பேன். 'மண்புழுவுக்குக் கண் இல்லை' என்று தொடங்குவதா, 'கண் இல்லாத மண்புழு' என்று தொடங்குவதா? மத்தியானம் ஆகிவிடும். நாளைக்கும் அந்தப் புழு அங்கேதான் இருக்கப்போகிறது, நானும் இங்கேதான் இருக்கப்போகிறேன், என்ன அவசரம்? அலாரம் வைத்துப் பார்த்தேன். நான் வைத்த அலாரம்தானே, நானே அணைத்துவிடுவேன். சாதித்தவர்கள் பேசும் காணொளிகளைப் பார்த்தேன். நாள் முழுக்க அதையே பார்த்தேன். அப்பாவிடம், "ஏன் எழுதலைன்னு தினமும் என்னைத் திட்டுங்கப்பா" என்று கேட்டுக்கொண்டேன். அப்பா சேவுக்கடை வைத்திருக்கிறார். அவருக்கு வாடிக்கையாளரையே திட்ட வராது. மறுநாள் என் பின்னால் வந்து நின்று தொண்டையைச் செருமினார். அப்புறம், "சாப்பிட்டுட்டு எழுதும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கோவில்பட்டி வந்துவிட்டதா? இங்கே ரொம்ப நேரம் நிற்க மாட்டான்.

அப்படியிருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அப்பா கூடத்தில் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். தமிழில் குரல் மாற்றிப் போடும் வெள்ளைக்காரப் படம் ஒன்று. தமிழில் வைத்திருக்கும் பெயரைச் சொன்னால் நீங்கள் மறுபடியும் சிரிப்பீர்கள், வேண்டாம். எங்கள் வீட்டில் அது கப்பல் படம். விண்வெளிக் கப்பல் ஒன்று பழுதாகி, பனி மூடின கிரகத்தில் விழுந்துவிடுகிறது. சூரியன் ஏறஏறப் பனி உருகும். உருகி முடிவதற்குள் கப்பலைச் சரிசெய்து கிளம்ப வேண்டும். அதில் ஒரு ரோபோ. குரல் கொடுத்த புண்ணியவான்கள் அதற்கு கோபு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். கோபு நன்றாக மதுரைத் தமிழ் பேசுவான். இன்னொரு குரல், கப்பலுக்குள் இருந்து ஒரு பெண் குரல், முகமே காட்ட மாட்டார்கள். ஒரு பதற்றமும் இல்லாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள்: "இன்னும் நாற்பது நிமிடங்கள். இன்னும் முப்பத்தைந்து நிமிடங்கள்."

நான் சாப்பாட்டு மேசையில் மண்புழுவோடு உட்கார்ந்திருந்தேன். படத்தைப் பார்க்கவில்லை அக்கா, காதில் விழுந்தது, அவ்வளவுதான். இன்னும் இருபது நிமிடங்கள் என்றாள். என் கை ஓட ஆரம்பித்தது. ஏனென்று எனக்கே தெரியவில்லை. கடைசியில் அவள் பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணுவாள். அந்தப் பத்து எண்ணிக்கைக்குள் மூன்று வாக்கியம் எழுதினேன். பூஜ்யம் என்றாள். மண்புழு முடிந்துவிட்டது.

மறுநாள் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, பென்டிரைவில் ஏற்றி, டிவியில் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். எறும்பு முடிந்தது. அதற்கடுத்த நாள் மரவட்டை.

மேடம் கோப்புகளை எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான இடத்தில் வைக்கச் சொல்லியிருந்தார். அந்த வாரம் தாணுமாலயனிடமிருந்து ஒரு செய்தி. அதுவரை நாங்கள் பேசியதே கிடையாது. முதல் இணையக் கூட்டத்தில் நான் கேமராவை அணைத்துவைத்தேன். பார்த்தால் அவரும் அணைத்துவைத்திருந்தார். மேடம் இரண்டு கறுப்புச் சதுரங்களிடம் ஒரு மணிநேரம் பேசினார். இப்போது செய்தியில் கேட்டிருந்தார்: "எறும்ப எப்பிடிங்க ஒரே நாள்ல முடிச்சீங்க? நான் மூணு மாசமா ஜெல்லிமீன்லயே நிக்கேன்."

நான் கப்பல் படத்தைப் பற்றி எழுதி அனுப்பினேன். எழுதுவது எனக்குக் கஷ்டமில்லை. இரண்டு நாள் கழித்து மறுபடியும் செய்தி. "போட்டுப் பாத்தேன். நல்லாத்தான் இருக்கு. ஆனா தனியா இருக்கும்போ நிப்பாட்டி வச்சிட்டு டீ குடிக்கப் போயிருதேன். அந்தப் பொண்ணு நான் வந்த பொறவு மிச்சத்த எண்ணுகா. ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போட்டா நிப்பாட்ட முடியாதுல்லா?"

சரியான யோசனைதானே? வேலைக்கு வேலை. அப்புறம் தினமும் காலையில் பத்தரைக்கு என் போன் அடிக்கும்.

"அழுத்தட்டா?"

"அழுத்துங்க."

அவ்வளவுதான் பேச்சு. வைத்துவிடுவோம். அவர் வீட்டில் கப்பல் விழும், எங்கள் வீட்டிலும் விழும். பூஜ்யம் என்று அவள் சொன்னதும் இரண்டு பேரும் எழுதினதை அனுப்பிவிட வேண்டும். எப்படி இருந்தாலும் அனுப்ப வேண்டும். ஒரு நாள்கூட நான் தவறவில்லை. அவரும்தான். ஒரு தடவை காய்ச்சலோடு கடல்குதிரை அனுப்பினார். பாதிக்கு மேல் வாக்கியமே இல்லை, வெறும் வார்த்தைகள். அதையும் அனுப்பினார். எனக்கு அந்தக் கடல்குதிரை மேல் ஒரு மரியாதை.

வீட்டில்தான் வேடிக்கை. தினமும் அதே சத்தம் கேட்டுக் கேட்டு அம்மா கடிகாரம் பார்ப்பதையே விட்டுவிட்டாள். கப்பல் விழும்போது அரிசி களைவாள். கோபு முதல் வசனம் பேசும்போது குக்கர். பனி ஏரி விரிசல் விடும்போது கடுகு தாளிப்பு. கோபு எல்லோரையும் காப்பாற்றிவிட்டு ஏரிக்குள் மூழ்குவான், ஐயோ பாவம், அந்த இடத்தில் குழம்பை இறக்கிவிடுவாள். ஒரு நாளும் அடி பிடித்ததில்லை. அப்பா கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே வாசலில் நின்று கேட்பார்:

"கோபு செத்தாச்சா?"

"இல்ல, இன்னும் ஐஸே ஒடையல. கால் கழுவிட்டு உக்காருங்க."

பக்கத்து வீட்டுப் பாண்டியம்மா பெரியம்மா ஒரு வாரம் பொறுத்துப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் நெற்றியில் திருநீறோடு வந்து, அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "யாரு தாயி கோபு? இழுத்துக்கிட்டே கெடக்காரா? சொந்தமா?" என்று கேட்டார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பெரியம்மா அழுகை என்று நினைத்து முதுகைத் தடவிக் கொடுத்தார்.

கயத்தாறா இது? காற்று நன்றாக வருகிறது. ஜன்னலை மூட வேண்டாம்.

எங்கே விட்டேன்? ஆம், மின்தடை. ஒரு நாள் படம் ஓடிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டது. மடிக்கணினியில் சார்ஜ் இருந்தது, எழுதலாம். ஆனால் கப்பல் நின்றுவிட்டதே. என்னால் ஒரு எழுத்து எழுத முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் அவரே கேட்டு அனுப்பினார், உங்கள் கப்பல் நின்றுவிட்டதா என்று. சாத்தூர்ப் பக்கம் மின்தடை என்று பேப்பரில் பார்த்தாராம். நாகர்கோவில்காரர் எதற்கு சாத்தூர் மின்தடை அறிவிப்பைப் படிக்கிறார் என்று நான் யோசித்தேன். சிலருக்குப் பேப்பரை ஒரு வரி விடாமல் படிக்கிற பழக்கம் இருக்கும்.

பிறகு அவர் போன் செய்து, போனை அவர் வீட்டு டிவி பக்கத்தில் வைத்தார். நான் இங்கே என் போனை மேசையில் வைத்துக்கொண்டு எழுதினேன். கப்பல் சத்தத்துக்கு நடுவே அவர் வீடு கேட்டது. அவர் அம்மா கோழிகளைத் திட்டினார். அவர் தும்மினார். ஒரு இடத்தில், கோபு மூழ்கும்போது, அவர் மெதுவாக 'ச்சே' என்றார். தினமும் பார்க்கிற படம் அக்கா, அவன் மூழ்குவான் என்று தெரியும். தெரிந்தும் ச்சே என்கிறார்.

அன்றைக்கு நான் தேனீ எழுதினேன். இந்தப் புத்தகத்திலேயே அதுதான் நன்றாக வந்திருக்கிறது என்று மேடம் சொன்னார். அதற்கப்புறம் நான் கவனித்துப் பார்த்திருக்கிறேன், மின்சாரம் இல்லாத நாட்களில் எனக்கு வேலை நன்றாக ஓடுகிறது. ஏனென்று தெரியவில்லை. டிவி வெளிச்சம் கண்ணை உறுத்தாததாலோ என்னவோ. காலையில் பேப்பர் வந்ததும் மின்தடை அறிவிப்பைத்தான் முதலில் பார்ப்பேன். 'பராமரிப்புப் பணி காரணமாக' என்று இருந்தால் நிம்மதியாக இருக்கும். அம்மா திட்டுவாள், "ஊரே கரண்டு போவுதேன்னு அழுவுது, இவ பல்லக் காட்டுறா" என்று. வேலைமேல் அக்கறை இருந்தால் அப்படித்தான்.

இந்தக் கார்த்திகை வாக்கில் புத்தகம் முடிகிற நிலைக்கு வந்தது. எனக்குக் கீரிப்பிள்ளை மட்டும் பாக்கி. அவருக்குச் சங்கு. கீரிப்பிள்ளையை மூன்று தடவை எழுதினேன். முதலில் எழுதியதே போதும் என்று மேடம் சொன்னார். எனக்குத்தான் திருப்தி இல்லை. வால் சரியாக வரவில்லை. அவரும் சங்கைத் திரும்பத் திரும்ப எழுதினார். தரம் என்று ஒன்று இருக்கிறதே. கடைசியில் மேடம் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டார்.

மறுநாள் பத்தரைக்குப் போன் அடிக்கவில்லை. எதற்கு அடிக்க வேண்டும்? வேலைதான் முடிந்துவிட்டதே. அம்மா அன்றைக்குக் குழம்பை அடிபிடிக்க விட்டாள். கடிகாரத்தைப் பார்த்துச் சமைக்க மறந்துவிட்டதாம். அப்பா வாசலில் வந்து நின்று, உள்ளே சத்தமே இல்லையே என்று என் முகத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டுக் கால் கழுவப் போனார்.

இப்படியே ஒரு பத்துப் பன்னிரண்டு நாள். எனக்குத் தலைவலி வேறு. கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும்.

பிறகு போன திங்கட்கிழமை மேடம் எங்கள் இரண்டு பேரையும் ஒரே அழைப்பில் பிடித்தார்.

"ரெண்டு பேரும் இருக்கீங்களா? நல்லது. தவளை எங்கே?"

நான் அவசரமாகக் கோப்புப் பட்டியலைத் திறந்து தேடினேன்.

"கேக்குறது காதுல விழுதா? அச்சகத்துக்கு அனுப்பப் பக்கம் கோத்துக்கிட்டிருக்கேன். தமிழ்நாட்டுக் குழந்தைகளுக்கு உயிரினப் புத்தகம். காண்டாமிருக வண்டு இருக்கு. கடல் வெள்ளரி இருக்கு. தவளை எங்கேப்பா?"

நானும் அவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். "தண்ணிலதானே மேடம், அவங்களோடதுன்னு நெனச்சேன்" என்று நான். "தரைலயும் இருக்கும்லா, அவங்களுக்குள்ளதுன்னு விட்டேன்" என்று அவர்.

மேடம் இருமல் வரும்வரை சிரித்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. விலங்கியல் படித்த இரண்டு பேர். ஒருவருக்கொருவர் மரியாதை கொடுத்துக் கொடுத்து, நடுவில் ஒரு தவளையைத் தொலைத்திருக்கிறோம். முதல் வாரத்திலேயே 'தவளை உங்களுடையதா என்னுடையதா' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். நான் கேட்கவில்லை. அவர் எழுதிக்கொண்டிருப்பதைப் பிடுங்குகிற மாதிரி ஆகிவிடுமே. அவரும் அப்படித்தான் நினைத்தாராம்.

அப்புறம் மேடம் சொன்னார், "வாழ்க்கையில இனி சொல்லக் கூடாதுன்னு இருந்தேன். சொல்ல வச்சுட்டீங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. அதுதான் கெடு. யாரு எழுதுவீங்களோ தெரியாது, எனக்குத் தவளை வேணும்."

அன்று ராத்திரி வரைக்கும் செய்தி போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. நீங்கள் எழுதுங்கள். இல்லை, நீங்களே எழுதுங்கள். உங்கள் தேனீ நன்றாக இருந்தது. உங்கள் கடல்குதிரை அதைவிட நன்றாக இருந்தது. இப்படியே போனால் தவளை செத்தே போகும். கடைசியில் அவர்தான் அனுப்பினார்: "எனக்க வீட்டுக்குப் பின்னால குளம் உண்டு. தவள நெறைய கெடக்கு. அம்மையும் வீட்டுல உண்டு. நேர்ல இருந்து எழுதுவோமா? எழுதிட்டு, அந்தப் படத்துக்க கடைசியையும் பாத்துரலாம்."

கடைசி என்றால்... இதைச் சொல்ல விட்டுவிட்டேனே. அந்தப் படத்தின் முடிவு எனக்குத் தெரியாது அக்கா.

நிஜமாகத்தான். எல்லா வசனமும் மனப்பாடம், முடிவு மட்டும் தெரியாது. அந்தப் பெண் குரல் பத்து, ஒன்பது என்று எண்ணும்போது கப்பலின் கதவு மூட ஆரம்பிக்கும். வெளியே உருகுகிற பனியில், கப்பலில் வந்தவர்களில் ஒருத்தி, ஒரு டாக்டர் பெண், ஓடிவந்துகொண்டிருப்பாள். பூஜ்யம் என்றதும் நான் எழுதினதை அனுப்பிவிட்டு டிவியை அணைத்துவிடுவேன். நேரம் முடிந்துவிட்டதே, அதற்குமேல் ஓடவிட்டு என்ன செய்ய? முதல் நாள் மண்புழு முடிந்த சந்தோஷத்தில் எழுந்து போய்விட்டேன், அப்பாவும் அதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டிருந்தார். அதன்பிறகு பழக்கமாகிவிட்டது. அவரும் அப்படியேதானாம். அம்மா ஒருநாள் கேட்டாள், "அந்தப் பிள்ள உள்ள போச்சா இல்லையாடி?" தெரியாது என்றேன். "இத்தன மாசமா ஓட விட்டுட்டு, போய்ச் சேந்துச்சான்னு பாக்க மாட்டியா?" என்று என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அவளுக்குப் படம் என்றால் ரொம்ப ஈடுபாடு.

அவர் செய்திக்கு நான் நீளமாக ஒரு பதில் எழுதினேன். அழித்தேன். மறுபடியும் எழுதினேன். கடைசியில் 'சரி' என்று அனுப்பினேன். படம் பார்ப்பதும் வேலையில் ஒரு பகுதிதானே.

வீட்டில் சொன்னபோது அப்பாவுக்குப் புரியவில்லை. "தவளைக்காக நாகர்கோவிலா? ஏன், சாத்தூர்ல தவளை இல்லையா?"

அம்மா உடனே சொன்னாள், "இங்க குடிக்கவே தண்ணியக் காணோம், தவளைக்கு எங்க போறது? பிள்ள போய்ட்டு வரட்டும். சாயங்கால பஸ்ஸுக்கு ஏறிரப் போறா."

எனக்கே ஆச்சரியம். மதுரைக்குத் தனியாகப் போகவே ஆயிரம் கேள்வி கேட்கிறவள். காலையில் எழுந்து பார்த்தால் இந்தக் கிளிப்பச்சைப் புடவையை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறாள். தவளை எழுதப் போகிறேன், புடவை எதற்கு என்றேன். "வெள்ளிக்கிழமை, கட்டிட்டுப் போ" என்றாள். அப்பா கடைக்குப் போய்ப் புதிதாகப் போட்ட சேவை டப்பாவில் அடைத்துக்கொண்டு வந்தார். "அந்தத் தம்பிக்குக் காரம் ஆகுமா?" என்று கேட்டார். எனக்கு எப்படித் தெரியும்? நாங்கள் என்ன, அப்படியா பேசிக்கொள்கிறோம்? அழுத்தட்டுமா, அழுத்துங்க. அதற்குள் காரம் எங்கே வரும்? ஆனால் மிளகுச் சேவு வைத்தது நல்லதாகப் போயிற்று, மிளகாய் அவருக்கு ஒத்துக்கொள்ளாது. விக்கல் வரும். ஒரு மின்தடை அன்றைக்குக் கேட்டேன்.

என்ன அக்கா, அப்படிப் பார்க்கிறீர்கள்?

திருநெல்வேலியா? எப்போது? அட, தாண்டிவிட்டதா? நான் பேசிக்கொண்டிருந்ததில் கவனிக்கவே இல்லை. நீங்களாவது சொல்லியிருக்கலாம். பரவாயில்லை, நாங்குநேரியில்... அங்கே இறங்கி என்ன செய்ய, திரும்பும் பேருந்துக்கு வெயிலில் நிற்க வேண்டும். வள்ளியூர் வரட்டும்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். போவதில் பயம் ஒன்றும் இல்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இந்தத் தவளையோடு எல்லாம் முடிந்துவிடும். ஆறு மணிக்கு அனுப்பிவிட்டால் அதற்கப்புறம் அழுத்துவதற்கு ஒன்றும் இல்லை. நான் இறங்கித் திரும்பிவிட்டால் அவரே எழுதி அனுப்பிவிடுவார். அப்போது முடிந்தது அவருடைய தவளையாக இருக்கும், எனக்கு ஒன்றும் முடிந்ததாக இருக்காது. நேரில் பார்த்து, எனக்குப் பேச்சு வராமல், அவருக்கும் வராமல், இரண்டு பேரும் குளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? இத்தனை நாள் நன்றாகத்தானே ஓடிக்கொண்டிருந்தது. பார்க்காத முடிவு கெட்டுப்போகாது இல்லையா?

கெட்டுப்போகுமா? ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

ஆரல்வாய்மொழி வந்துவிட்டது. எவ்வளவு காற்றாலைகள், பாருங்கள். கப்பல் படத்தில் அந்தக் கிரகம் இப்படித்தான் இருக்கும், பனிக்குப் பதில் இங்கே வாழை. வள்ளியூர் எப்போது போயிற்று? நீங்கள் வேண்டுமென்றே சொல்லாமல் இருக்கிறீர்கள்.

அவரை எப்படி அடையாளம் தெரியும் என்றா? முகம் பார்த்ததில்லை. அவர் போனில் படம் கடல் நட்சத்திரம். என்னுடையது நத்தை. வடசேரி பஸ் ஸ்டாண்டில் பச்சைக் குடையோடு நிற்பதாகச் சொல்லியிருக்கிறார். மழை இல்லாவிட்டாலும் விரித்துக்கொண்டு நிற்பாராம். நான் எதுவும் சொல்லவில்லை, எந்த நிறம் உடுத்தி வருகிறேன் என்றுகூட. அதனால் நான் வந்தது அவருக்குத் தெரியாது. இந்தப் பேருந்திலேயே உட்கார்ந்து, மதுரைக்கே திரும்பிவிட்டால்கூட அவருக்குத் தெரியாது. அது ஒரு வசதி.

வந்துவிட்டோம் போலிருக்கிறது. இவ்வளவு கூட்டமா. எல்லோரும் இறங்கட்டும் அக்கா, அவசரம் இல்லை.

அதோ. அந்தத் தூண் பக்கத்தில். மழையும் இல்லை, வெயிலும் இல்லை, குடை மட்டும் விரிந்திருக்கிறது. பக்கத்தில் போகிறவர்கள் எல்லாம் திரும்பிப் பார்க்கிறார்கள். காதெல்லாம் சிவந்துபோயிருக்கிறது, பாவம், என்னைவிட மோசம் போலிருக்கிறதே. ஒவ்வொரு பேருந்தாகப் பார்க்கிறார், இதைத் தவிர. திருச்செந்தூர்ப் பேருந்தில் நான் எப்படி வருவேன்?

நடத்துனர் சத்தம் போடுகிறார், தெரிகிறது. கால் எழ மாட்டேன் என்கிறது அக்கா. எனக்கு எப்போதுமே இப்படித்தான். எப்போது வேண்டுமானாலும் எழுந்திருக்கலாம் என்றால் நான் எழுந்திருக்கவே மாட்டேன்.

ஒரு உதவி செய்கிறீர்களா? பத்திலிருந்து எண்ணுங்கள். கேலி இல்லை, நிஜமாகத்தான். பதற்றம் இல்லாமல், அந்தப் பெண் மாதிரி. பூஜ்யம் வரும்போது நான் கீழே இருக்க வேண்டும். டப்பா கையில் இருக்கிறது. புடவை சரியாக இருக்கிறதா? ம். ஆரம்பியுங்கள்.

கொஞ்சம் சத்தமாக எண்ணுங்கள், வாசல் வரைக்கும் கேட்க வேண்டும்.

நான் எழுந்துவிட்டேன் அக்கா. நிறுத்தாதீர்கள்.